டிராகன் பால் இசட்: 1989-ல் டிவியில் தெளிவாகக் கேட்ட ஒலி, டிஸ்க்கில் மங்கிப்போனது ஏன்?

டிராகன் பால் இசட் டிஸ்க் கைவசம் இருந்தால் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். ஏதாவது ஒரு சண்டைக் காட்சியை முதலில் ஆங்கில டப்பிங்கில் ஓடவிடுங்கள். அப்புறம் அதே காட்சியை ஜப்பானிய ஒலிக்கு மாற்றுங்கள். ஸ்பீக்கர் மேல யாரோ கம்பளியைப் போட்டு மூடின மாதிரி இருக்கும். இசை தூரத்தில் ஒலிக்கும், வசனத்தில் கூர்மை இருக்காது, அடி விழும் சத்தம்கூட 'தொப்'புன்னு அமுங்கிப் போகும்.

இதைக் கேட்டுவிட்டு பலரும் வருகிற முடிவு ஒன்றுதான்: "பழைய காலத்து ஜப்பான் டிவி தொடர்தானே, அப்போ அவ்வளவுதான் பதிவு பண்ண முடிஞ்சிருக்கும்."

அது உண்மையில்லை. 1989 ஏப்ரல் 26 அன்று ஃபுஜி டிவியில் முதல் எபிசோட் ஓடியபோது, ஜப்பானில் வீட்டில் உட்கார்ந்து பார்த்த குழந்தைகள் கேட்ட ஒலி, காசு கொடுத்து வாங்கும் டிஸ்க்கில் இருப்பதைவிடத் தெளிவானது. படம் ஒவ்வொரு புது வெளியீட்டிலும் மெருகேறிக்கொண்டே வர, ஒலி மட்டும் பின்னாடி போனது எப்படி?

எல்லாத்துக்கும் காரணம் அந்த ஓரக் கோடு

அந்தக் காலத்து டிவி அனிமே பெரும்பாலும் 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுக்கப்பட்டது. டிராகன் பால் இசட்டும் அப்படித்தான். வசனம், இசை, சண்டைச் சத்தம் எல்லாம் முதலில் காந்த நாடாவில் பதிவாகி, ஒன்றாகக் கலக்கப்படும். அந்த நாடாவில் ஒலி நன்றாகவே இருக்கும்.

அதன்பிறகு இதே ஒலி ஃபிலிம் பிரதியின் ஓரத்திலும் ஒரு கோடாக அச்சிடப்படும். இதுதான் ஆப்டிகல் ஒலித்தடம். வளைந்து நெளிந்து போகும் அந்தக் கோட்டின் வழியாக வெளிச்சம் பாயும். வெளிச்சம் கூடிக் குறைவதை மறுபக்கத்தில் ஒரு கருவி மின்சாரமாக மாற்றி, ஒலியாகத் தரும். நம்ம ஊர் பழைய படங்கள் தியேட்டரில் பேசியதும் இதே முறையில்தான். ஆனால் தியேட்டர் ஃபிலிம் 35 மில்லிமீட்டர்.

இந்த அளவு வித்தியாசம்தான் முக்கியம். 35 மில்லிமீட்டர் ஃபிலிம் ஒரு விநாடிக்கு 18 அங்குலம் ஓடுகிறது. 16 மில்லிமீட்டரோ 7.2 அங்குலம்தான். அதாவது, ஒரு விநாடி ஒலியை எழுத பாதிக்கும் குறைவான இடம். ஒலியின் சுருதி ஏற ஏற கோட்டின் நெளிவுகள் நெருங்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் நெளிவுகள் ஒன்றோடொன்று ஒட்டி, கோடு வெறும் பட்டையாகிவிடும். 16 மில்லிமீட்டரில் ஏறக்குறைய 5, 6 கிலோஹெர்ட்ஸ் தாண்டினாலே இந்தப் பிரச்னை வந்துவிடுகிறது.

நம் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். 'ஸ்', 'ஷ்' போன்ற எழுத்துகளின் கூர்மை, ஜால்ரா சத்தத்தின் பளபளப்பு, வாள் உரசும் ஓசை எல்லாம் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் அதிகம் இருக்கு. அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது, பக்கத்து அறையில் டிவி ஓடுவது போன்ற சத்தம்.

போதாததுக்கு, ஆப்டிகல் தடத்தில் தூசி, கீறல் எல்லாமே 'கரகர'ன்னு கேட்கும். டிஸ்க் தயாரிக்கும்போது அந்த இரைச்சலைக் குறைக்க மென்பொருள் வடிகட்டி போடுவார்கள். அந்த வடிகட்டி இரைச்சலோடு சேர்த்து, மிச்சம் இருந்த கொஞ்சநஞ்சக் கூர்மையையும் கொண்டுபோய்விடும்.

அப்போ டிவியில் மட்டும் எப்படி நல்லா கேட்டுச்சு?

ஜப்பானின் அன்றைய அனலாக் டிவி ஒலிபரப்பு சுமார் 15 கிலோஹெர்ட்ஸ் வரை சுமந்து செல்லும். வீடியோ ரெக்கார்டர் இருந்த வீடுகளில் அந்த ஒலிபரப்பை ரசிகர்கள் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அந்தக் கேசட்டுகளையும் டிஸ்க்கையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் சந்தேகமே வராது. கேசட்டில் ஜால்ரா ஒலிக்கும், டிஸ்க்கில் ஒலிக்காது. ஒளிபரப்புக்குப் போனது காந்த நாடாவின் ஒலி, டிஸ்க்குக்குப் போனது ஃபிலிம் ஓரக் கோட்டின் ஒலி. அந்த நாடாக்கள் பிறகு பாதுகாக்கப்படவில்லை என்பதுதான் ரசிகர் வட்டாரத்தில் நீண்டகாலமாகச் சொல்லப்படுவது.

இன்னொரு சாட்சியும் இருக்கு. இந்தத் தொடருக்கு இசையமைத்தவர் ஷுன்சுகே கிகுச்சி, 2021-ல் காலமானார். அவருடைய பின்னணி இசை தனியாக சிடியாகவும் வெளிவந்தது. அதே இசைத்துண்டை சிடியில் கேட்டால் டிரம்பெட் முகத்துக்கு நேரே ஊதுவது போல இருக்கும். எபிசோடுக்குள் கேட்டால் மந்தமாக இருக்கும். ஆக, பதிவில் குறையில்லை.

அன்றைய தயாரிப்பாளர்கள் மேல முழுப் பழியையும் போடுவதும் நியாயமில்லை. வாரத்துக்கு ஒரு எபிசோட், நாடாவுக்கு விலை உண்டு, வைக்க இடம் வேண்டும். ஃபிலிமில் படமும் ஒலியும் சேர்ந்தே இருக்கிறதே, அது போதும் என்று நினைத்திருக்கலாம். 291 எபிசோடையும் மொத்தமாக வாங்கி வீட்டில் 60 அங்குலத் திரையில் பார்ப்பார்கள் என்று 1989-ல் யார் கணக்குப் போட்டிருப்பார்கள்?

2003-ல் வந்த பெட்டி

ஜப்பானில் இந்தத் தொடர் முழுதாக வீட்டு வீடியோவாக வந்தது 2003-ல்தான். 'டிராகன் பாக்ஸ்' என்ற பெயரில் இரண்டு பெரிய டிவிடி பெட்டிகள். ஒவ்வொன்றின் விலையும் சுமார் 1 லட்சம் யென். ஃபிலிமிலிருந்து புதிதாக எடுத்த படம், அதுவரை யாரும் பார்க்காத தரம். ஒலியோ அந்த ஓரக் கோட்டிலிருந்து எடுத்தது.

படத்துக்கும் ஒலிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். ஃபிலிம் கட்டத்துக்குள் அன்றைய டிவி காட்டியதைவிட அதிக விவரம் ஒளிந்திருக்கிறது. நல்ல ஸ்கேனர் வர வர, அது வெளியே வரும். ஒலித்தடத்தில் அப்படி எதுவும் ஒளிந்திருக்கவில்லை. எத்தனை தடவை ஸ்கேன் செய்தாலும், எழுதப்படாத சுருதி திரும்ப வராது.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே 1999-ல் தொடங்கிய ஆங்கில டப்பிங் ஸ்டூடியோவில் புதிதாகப் பதிவானது. கிகுச்சியின் இசைக்குப் பதிலாக புரூஸ் ஃபால்கனர் தரப்பின் இசை. 2007-ல் வந்த ஆரஞ்சு நிறப் பெட்டிகளில் ஆங்கில வசனத்தோடு ஜப்பானிய இசை 5.1 ஒலியிலும், அமெரிக்க இசை ஸ்டீரியோவிலும் இருந்தது. மூன்றாவதாக ஜப்பானிய மோனோ. முதல் இரண்டோடு ஒப்பிட்டால் மூன்றாவது பரிதாபமாகத் தெரியும். கோகு, கோஹான், கோட்டென் மூவருக்கும் குரல் கொடுத்தவர் மசாகோ நொஸாவா. அவர் குரல் பிடிக்கவில்லை என்று ஒதுக்கிய வெளிநாட்டு ரசிகர்கள் நிறைய பேர். அவர்களில் எத்தனை பேர் அந்தக் குரலை முழுசா கேட்டிருப்பார்கள் என்பது கேள்விதான்.

'புதுசாக்கிட்டோம்' என்றால் உஷார்

பழைய ஒலி சரியில்லை என்றால் நிறுவனங்கள் எடுக்கும் எளிய வழி, ஒலியையே மாற்றிவிடுவது.

1979-ல் வந்த மொபைல் சூட் கண்டம் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2000-களின் தொடக்கத்தில் வந்த டிவிடியில் ஆங்கில டப்பிங் மட்டும்தான், ஜப்பானிய ஒலி கிடையாது. பழைய மோனோ ஒலி பயன்படுத்தும் நிலையில் இல்லை என்று காரணம் சொன்னார்கள். ஆனால் 2011-ல் அதே ஜப்பானிய ஒலியோடு அமெரிக்காவில் டிவிடி வந்துவிட்டது. கேட்கும்படியாகவே இருந்தது!

இந்தத் தொடரைச் சுருக்கி 1981, 82-ல் எடுத்த மூன்று திரைப்படங்களின் கதை இன்னும் மோசம். 2000-ல் டிவிடிக்காக நடிகர்களை மறுபடி பேசவைத்து, வெடிச் சத்தம் முதல் எல்லாவற்றையும் மாற்றி 5.1 ஆக்கினார்கள். இருபது வயதில் கத்திய கத்தலை நாற்பது வயதில் அப்படியே கத்த முடியுமா? ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. அசல் தியேட்டர் ஒலி பின்னாளில் திரும்பக் கொண்டுவரப்பட்டது.

டிராகன் பால் இசட்டுக்கும் இது நடந்தது. 2009-ல் வந்த 'டிராகன் பால் கை', பழைய படத்தைச் சுத்தம் செய்து, கதையைச் சுருக்கி, வசனத்தைப் புதிதாகப் பதிவு செய்தது. அப்போது நொஸாவாவுக்கு 72 வயது. ஒலி கண்ணாடி மாதிரி தெளிவு. இசையும் புதிது, கென்ஜி யமமோட்டோவுடையது. 2011 மார்ச்சில் அந்த இசை பிறர் படைப்புகளிலிருந்து எடுக்கப்பட்டது என்ற சர்ச்சை கிளம்ப, அதைத் தூக்கிவிட்டு கிகுச்சியின் பழைய இசையையே போட்டார்கள். சுற்றி வளைத்து அவரிடமே வந்தாச்சு.

உரிமச் சிக்கலும் ஒலியை மாற்றும். நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன் 2019-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது, ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் வரும் புகழ்பெற்ற ஆங்கிலப் பாட்டு பல நாடுகளில் காணாமல் போயிருந்தது.

கேசட்டில் மிச்சம் இருப்பது

ஆக, டிராகன் பால் இசட்டின் அசல் ஒலிக்கு இன்று கேட்கக் கிடைக்கும் சிறந்த பிரதி, ஜப்பானிய வீடுகளின் அலமாரிகளில் இருந்து வெளிவந்த பழைய வீடியோ கேசட்டுகள்தான். ரசிகர்கள் அவற்றை டிஜிட்டலாக்கி, படத்தோடு பொருத்தும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்கிறார்கள்.

கேட்க சுலபமாத் தெரியும், ஆனா இல்லை. எல்லா வீட்டு ரெக்கார்டரும் நல்ல ரெக்கார்டர் இல்லை. ஹை-ஃபை வசதி உள்ள இயந்திரத்தில் பதிவானது மட்டுமே முழுத் தெளிவைத் தரும். சாதாரண இயந்திரத்தின் ஒலி அதற்கு ரொம்பக் கீழே. நடுவில் விளம்பரம் இருக்கும். ஆன்டெனா ஆடினால் இரைச்சல் வரும். நாடா கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடினால் இருபது நிமிடத்தில் உதடும் வசனமும் விலகிப் போகும். ஒரு எபிசோடுக்கு மூன்று நான்கு பேருடைய கேசட்டை ஒட்டுப்போட்டு, எதிலுமே இல்லாத விநாடிகளுக்கு டிஸ்க்கின் மங்கல் ஒலியை வைத்து நிரப்ப வேண்டியிருக்கும்.

இப்படித் தயாரான ஒலிக்கும் உரிமை நிறுவனத்துடையதுதான். ரசிகர்கள் விற்கவோ பரப்பவோ சட்டம் இடம் தராது. ஆனால் நிறுவனமே ரசிகர்களிடம் வாங்கிப் பயன்படுத்திய முன்னுதாரணம் உலகத்தில் உண்டு. 1960-களின் 'டாக்டர் ஹூ' எபிசோட்கள் பலவற்றை பிபிசி அழித்துவிட்டது. டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த ரசிகர்களால், காணாமல் போன எல்லா எபிசோட்களின் ஒலியும் தப்பியது. பிபிசி அந்த ஒலியை சிடியாக வெளியிட்டது, அதற்கு அனிமேஷன் படமும் சேர்த்தது.

நேரமும் அதிகமில்லை. வீடியோ கேசட்டில் பூஞ்சை பிடிக்கும், காந்தப் பூச்சு உதிரும். விஎச்எஸ் ரெக்கார்டர் தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

புளூ-ரே அட்டையில் 'லாஸ்லெஸ் ஒலி' என்று இருப்பதை நம்பி மட்டும் வாங்காதீர்கள். மூலத்தில் இருப்பதை இழப்பின்றித் தருகிறோம் என்பதுதான் அதற்கு அர்த்தம். மூலமே மங்கல் என்றால், மங்கலை இழப்பின்றிக் கேட்பீர்கள். மோனோவில் வந்த தொடருக்கு '5.1' என்று போட்டிருந்தால், ஒன்று புதுச் சத்தங்கள் சேர்த்திருப்பார்கள், இல்லையென்றால் ஒரே ஒலியை ஐந்து ஸ்பீக்கருக்குப் பிரித்திருப்பார்கள். மெனுவில் அசல் மோனோவும் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய ஐரோப்பிய டிவிடிகளில் விநாடிக்கு 24 சட்டங்களை 25 ஆக ஓட்டியிருப்பார்கள். அதனால் எல்லாக் குரலும் 4 சதவீதம் வேகமாக, ஒரு பொடி சுருதி தூக்கலாகக் கேட்கலாம்.

டிவியில் 'சரவுண்ட்', 'வாய்ஸ் கிளியர்' மாதிரியான வசதிகள் ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிட்டு, சாதாரண ஹெட்ஃபோனில் ஒரு எபிசோட் கேளுங்கள். கதைசொல்லியின் 'ஸ்' கூர்மையாக விழுகிறதா என்று கவனித்தாலே போதும், அந்த ஒலி நாடாவிலிருந்து வந்ததா, ஓரக் கோட்டிலிருந்து வந்ததா என்று தெரிந்துவிடும்.