மான் உதிர்த்த கொம்பு

கொம்பு என்னும் ஒரே சொல்லால் தமிழ் மக்கள் இருவேறு பொருள்களைக் குறித்து வருகின்றனர். மாட்டின் கொம்பும் ஆட்டின் கொம்பும் இரலையின் கொம்பும் உயிருள்ளவரை தலையைவிட்டு நீங்குவதில்லை. உள்ளே என்பும் புறத்தே நகத்தையொத்த உறையுமாக அமைந்தவை அவை. புள்ளிமானின் கொம்பும் மரையின் கொம்பும் அத்தகையன அல்ல. அவை முழுவதும் என்பே. கிளைவிட்டு வளர்ந்து, காலம் வந்ததும் அடியோடு கழன்று வீழ்ந்து, மீண்டும் முளைப்பன. மரத்திலிருந்து இலை உதிர்வதுபோல மானின் தலையிலிருந்து கொம்பு உதிர்கின்றது என்று கூறினால் அது வெறும் உவமையன்று. நடைபெறுவதும் ஏறக்குறைய அதுவே. வளருங்காலத்தில் குருதி நிறைந்த மென்மயிர்த் தோல் கொம்பைப் போர்த்தி நின்று அதற்கு ஊட்டமளிக்கின்றது. வளர்ச்சி முற்றியதும் தோல் உலர்ந்து உரிகின்றது. இணைசேரும் பருவத்தில் அதே கொம்புகளைக் கொண்டே கலைகள் ஒன்றோடொன்று பொருதுகின்றன. பருவம் கழிந்ததும் உடலில் ஆண்மைச் சுரப்பு தணிய, கொம்பின் அடியிலுள்ள என்பு கரைந்து, ஒருநாள் மான் தலையை அசைக்கும்போதோ புதரில் உராயும்போதோ கொம்பு கீழே விழுந்துவிடுகின்றது. மானுக்கு அதனால் கேடில்லை. எலியும் முள்ளம்பன்றியும் அதிலுள்ள சுண்ணச் சத்துக்காக அதனைக் கொறிக்கின்றன. மனிதன் அதை எடுத்துச் செல்கின்றான்.

மனிதன் எடுக்கத் தொடங்கிய காலம் மிகத் தொன்மையானது. இங்கிலாந்தின் கிழக்கே நோர்போக் என்னும் பகுதியில் கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்றழைக்கப்படும் ஓரிடம் உண்டு. நிலம் முழுவதும் அம்மைத் தழும்புபோலப் பள்ளங்கள். அவற்றின் தன்மை நெடுங்காலம் தெளிவாகாதிருந்தது. 1870ஆம் ஆண்டில் வில்லியம் கிறீன்வெல் என்னும் பாதிரியார் அவற்றுள் ஒன்றை அகழ்ந்து அடிவரை சென்றபோதே, அவை கற்காலத்து மக்கள் தீக்கல் எடுப்பதற்காகத் தோண்டிய சுரங்கங்கள் என்பது புலனாயிற்று. நானூறுக்கு மேற்பட்ட அச்சுரங்கங்கள், இன்றைக்குச் சுமார் 4,600 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. உலோகம் அறியாத அம்மக்கள் வெண்சுண்ணப் பாறையைப் பிளந்தது செம்மானின் கொம்பினாலேயே. கொம்பின் நடுத்தண்டே பிடி, அடிக்கிளையே கூர். சுரங்கத்தினுள் அவர்கள் விட்டுச்சென்ற கொம்புக் கருவிகள் சிலவற்றில் படிந்திருந்த சுண்ணத் தூளிலே, அவற்றைப் பிடித்திருந்த மனிதரின் விரலடையாளங்களும் அழியாதிருந்தன. அக்கருவிகளை ஆராய்ந்தோர் கண்ட உண்மை ஒன்று இங்கு முக்கியமானது. அவற்றுள் பெரும்பாலானவை வேட்டையாடிக் கொன்ற மானின் தலையிலிருந்து வெட்டியவை அல்ல; தாமே உதிர்ந்தவை. ஆகவே, ஆண்டுதோறும் கொம்பு உதிரும் காலமறிந்து காட்டினுள் சென்று, எலி கொறிக்குமுன் பொறுக்கி வந்த ஒரு கூட்டத்தார் அந்நாளிலேயே இருந்திருத்தல் வேண்டும். அவர்களைத் தடுக்கச் சட்டம் ஏதும் இருக்கவில்லை. அதற்கான தேவையும் எழவில்லை.

அத்தேவை எழுந்த வரலாற்றை அறிய அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து, ஐக்கிய அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துக்குச் செல்லல் வேண்டும். அம்மாநிலத்தின் வடமேற்கு மூலையில், தீற்றன் மலைகளின் அடிவாரத்தில், ஜாக்சன் ஹோல் என்னும் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. பள்ளத்தாக்கு என்றாலும் அதன் தரை கடல்மட்டத்துக்கு ஆறாயிரம் அடிக்கு மேற்பட்டது. அதாவது நுவரெலியாவின் உயரத்தை ஒத்தது. அங்கு வாழும் பெருமானை அந்நாட்டார் எல்க் என்பர். வப்பிற்றி என்பது பழங்குடியினரான ஷோனி மக்களின் மொழியிலிருந்து வந்த மற்றொரு பெயர். எல்க் என்னும் பெயர் இலங்கைக்கும் புதியதன்று. மத்திய மலைநாட்டிலே குடியேறிய ஆங்கிலேயர் மரையை எல்க் என்றே வழங்கினர். 1850களில் வேட்டை நூல் எழுதிய சாமுவேல் பேக்கரும் அவ்வாறே எழுதினார். உண்மையில் இவை வெவ்வேறு விலங்குகள். அமெரிக்க எல்க் மரையிலும் பெரியது. முதிர்ந்த கலை சுமார் எழுநூறு இறாத்தல் நிறுக்கும். அதன் இரு கொம்புகள் மட்டும் இருபது, முப்பது இறாத்தல் இருக்கும்.

இவ்விலங்குகள் கோடையில் யெல்லோஸ்ரோன் மேட்டுநிலங்களில் மேய்ந்து, பனி வீழத் தொடங்கியதும் பள்ளத்தாக்குக்கு இறங்கும். 1880களில் அங்கு குடியேற்றக்காரர் வந்தனர். மான்கள் குளிர்காலத்தில் மேய்ந்த புல்வெளிகள் வேலியிட்ட பண்ணைகளாயின. நடுவே ஒரு நகரமும் எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு கொடுமையும் சேர்ந்தது. எல்க் மானின் மேற்றாடையிலே யானைத் தந்தத்தை ஒத்த இரு சிறு பற்கள் உண்டு. எல்க்ஸ் என்னும் பெயர்பூண்ட ஒரு சகோதரச் சங்கத்தின் உறுப்பினர் அப்பற்களைக் கடிகாரச் சங்கிலியில் சின்னமாக அணிந்தமையால் அவற்றுக்கு நல்ல விலை கிடைத்தது. அவ்விரு பற்களுக்காக முழுமானையும் கொன்று, உடலைக் கிடந்த இடத்திலேயே விட்டுச்சென்ற கூட்டத்தார் பள்ளத்தாக்கில் நடமாடினர். இறுதியில் ஜாக்சன் மக்களே ஒன்றுதிரண்டு அவர்களை வெளியேறுமாறு எச்சரித்துத் துரத்தினர்.

பல்வேட்டைக்காரர் போயினும் பசி போகவில்லை. 1909 முதல் 1911 வரை அடுத்தடுத்து வந்த கடுங்குளிர் காலங்களில் ஆயிரக்கணக்கான மான்கள் பட்டினியால் இறந்தன. பசியால் வெறிகொண்ட மான்கள் பண்ணைகளின் வைக்கோற் போர்களில் பாய்ந்தன. தம் மாடுகளுக்கென வைத்திருந்த புல்லைக் காக்க வேண்டியவரே, வாசலில் வந்து சாகும் விலங்கைப் பார்த்துப் பொறுக்கமாட்டாது அப்புல்லை அள்ளிப் போட்டதும் உண்டு. இந்நிலைமையை நாடறியச் செய்தவர் ஸ்ரீபன் லீக் என்பவர். பண்ணைக்காரரும் வேட்டை வழிகாட்டியுமான அவர், பனியிலே மடிந்துகிடந்த மான்களைப் புகைப்படமெடுத்து, அப்படங்களுடன் ஊரூராகச் சென்று சொற்பொழிவாற்றினார். ஒரு சட்டசபையின் நெஞ்சை அசைக்கப் பத்து மனுக்களிலும் ஒரு படம் வல்லதாதல் உண்டு. 1909இல் மாநிலச் சட்டசபை 5,000 டொலரும், 1911இல் அமெரிக்கக் காங்கிரஸ் 20,000 டொலரும் தீனிக்காக ஒதுக்கின. 1912ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நிலம் வாங்கவும் பணம் வழங்கப்பட்டது. தேசிய எல்க் புகலிடம் என்பது அவ்வாறு தோன்றியது. சிறிதாகத் தொடங்கிய அதன் பரப்பு இன்று சுமார் 24,700 ஏக்கர்.

ஆயிரக்கணக்கான கலைகள் ஒரே வெளியில் குளிர்காலத்தைக் கழித்தால், இளவேனிலில் அவ்வெளி முழுவதும் கொம்புகள் சிதறிக்கிடத்தல் இயல்பு. மார்ச், ஏப்பிரல் மாதங்களே எல்க் மான் கொம்புதிர்க்கும் காலம். புகலிடத்தின் கொம்புகளைப் பயன்படுத்தி 1953ஆம் ஆண்டில் ஜாக்சன் நகரச் சதுக்கத்தின் மூலையில் ஒரு வளைவு கட்டப்பட்டது. பின்னர் ஏனைய மூன்று மூலைகளிலும் வளைவுகள் எழுந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டாயிரம் அளவிலான கொம்புகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. புகலிடத்தில் விழுந்தவற்றைப் பொறுக்கும் உரிமை அவ்வூர்ச் சாரணச் சிறுவருக்கு அளிக்கப்பட்டது. அதிகாரிகளின் அனுமதியுடன் அவர்கள் வெளியிற் பரவி நடந்து கொம்புகளைச் சேர்க்கின்றனர். தரம் பிரித்து, நிறுத்து, கட்டுகளாக்கி, மே மாதத்தில் அதே சதுக்கத்தில் ஏலமிடுகின்றனர். அவ்வேலம் 1968ஆம் ஆண்டு தொடங்கியது. கிடைக்கும் பணத்தில் நான்கில் மூன்று பங்கு புகலிடத்துக்கே திரும்புகின்றது; எஞ்சியது சாரணருக்கு. மான் தந்தது மானுக்கே தீனியாகவும் புல்வெளியாகவும் மீளும் இவ்வேற்பாட்டினும் செம்மையானதொன்றை எந்த அரசாங்கத் திணைக்களமும் எளிதிற் கண்டுபிடித்திராது.

ஆனால் விலை ஏறியபோது ஏற்பாடு நெருக்கடிக்குள்ளாயிற்று. ஒருகாலத்தில் வேலிக் கம்பத்தில் அழகுக்குத் தொங்கிய பொருள், கத்திப்பிடிக்கும், தளபாடத்துக்கும், கொத்துவிளக்குக்கும், கீழைத்தேச மருந்துக்கும் வேண்டப்பட்டது. அண்மைக் காலத்தில் நாய் கடித்து விளையாடும் பண்டமாகவும் விற்பனையாகின்றது. இறாத்தல் கணக்கில் விலைபோகும் பொருள் காட்டில் இலவசமாகக் கிடக்கின்றது என்றால், அதனை முந்தி எடுக்க மனிதர் விரைவர் அல்லவா? ஏப்பிரல் வரை பொறுத்திருப்பானேன் என்று, பெப்ரவரியிலேயே பனியில் வண்டியோட்டிச் சென்று, கொம்பு இன்னும் தலையிலிருக்கும் கலைகளைப் பின்தொடர்ந்தோரும் இருந்தனர்.

இதில் என்ன தீங்கு என்று வினவலாம். கொம்பை இழப்பதால் மானுக்குக் குறைவில்லை என்பது முன்னரே கூறப்பட்டது. தீங்கு கொம்பிலன்று, காலத்தில் உள்ளது. குளிர்காலத்தின் இறுதியில் மானின் உடலில் கோடையிற் சேர்த்த கொழுப்பு ஏறக்குறைய முழுவதும் தீர்ந்திருக்கும். பிணைகள் நிறைசூலாய் இருக்கும். மனிதரைக் கண்டு ஆழ்பனியில் ஓடும் ஒவ்வோர் ஓட்டமும் எஞ்சிய வலிமையைக் குடிக்கும். துப்பாக்கி ஏந்தாத மனிதனும் அந்நாட்களில் மானைக் கொல்லவல்லவன். 1911இல் பட்டினி செய்ததை, ஆரவாரமின்றி ஆசை செய்யக்கூடும்.

ஆகவே சட்டம் வந்தது. எல்லா நிலத்துக்கும் ஒரே விதி அன்று; நிலத்தின் தன்மைக்கேற்ப விதியும் மாறுகின்றது. யெல்லோஸ்ரோன் முதலிய தேசியப் பூங்காக்களில் உதிர்ந்த கொம்பை எக்காலத்திலும் எவரும் எடுத்துச்செல்லலாகாது; அது கிடந்து மண்ணாதல் வேண்டும். எல்க் புகலிடத்தில் அனுமதி பெற்றோர் மட்டுமே எடுக்கலாம். அதனை அடுத்துள்ள தேசியக் காடு பொதுமக்களுக்கு உரியதாயினும், காலவரையறை உண்டு. வயோமிங்கின் மேற்குப் பகுதிப் பொது நிலங்களில் ஜனவரி 1 முதல் ஏப்பிரல் முடியும் வரை கொம்பு தேடுதல் குற்றமாக்கப்பட்டது. தனியார் நிலத்தில் நிலவுடைமையாளரின் இசைவே சட்டம்.

மே முதலாம் நாள் அப்பள்ளத்தாக்கில் ஒரு திருவிழாவைப் போன்றது. புகலிடத்தினூடே காட்டுக்குச் செல்லும் சாலையில் வண்டிகள் நிரைநிரையாக நிற்கும். சிலர் குதிரைகளுடன் வருவர். முன்னர் நள்ளிரவு பிறந்த கணத்திலேயே வழி திறக்கப்பட்டது. இருளில் விளக்கேந்தி மலையேறிய கூட்டத்தின் பரபரப்புக் கருதிப் பின்னர் அந்நேரம் பகல்வேளைக்கு மாற்றப்பட்டது. தடைக்காலத்திலேயே களவாய்ச் சென்று கொம்புகளைப் புதருக்குள் ஒளித்துவைத்து, மே முதலாம் நாளில் அப்போதுதான் கண்டவர்போல எடுத்துவரும் தந்திரமும் கண்டுபிடிக்கப்பட்டு, சிலர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டுள்ளனர். பொறுமையாய்க் காத்திருந்தவனின் பங்கைத் திருடுவதும் திருட்டே என்பதை நீதிமன்றம் ஏற்றது போலும். வெளிமாநிலத்தார் பெருந்தொகையினராய் வருவதைக் கண்டு, 2023ஆம் ஆண்டில் மாநிலச் சட்டசபை மேலும் ஒரு விதி செய்தது. அதன்படி 2024 முதல், உள்ளூரார் தொடங்கி ஒரு வாரம் கழிந்த பின்னரே வெளியார் தேடலாம். பாதுகாப்பு முத்திரையொன்றும் அவர்கள் வாங்குதல் வேண்டும்.

புகலிடமும் இன்று ஐயங்களுக்கு உட்பட்டே நிற்கின்றது. ஆயிரக்கணக்கான விலங்குகளை ஒரே வெளியில் நெருக்கித் தீனியிடுவதால் நோய் பரவும் என்று அறிவியலாளர் நெடுநாளாக எச்சரித்து வந்தனர். மானினத்தை மெலிவித்துக் கொல்லும் நாட்பட்ட நோயொன்று 2020ஆம் ஆண்டு டிசம்பரில் ஜாக்சன் மந்தையிலேயே கண்டறியப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு முன் உயிர்காத்த தீனியை எவ்வாறு குறைப்பது, எத்துணை விரைவாகக் குறைப்பது என்பதே அங்குள்ளோர் இப்போது வாதிடும் பொருள். இதற்கிடையே சதுக்கத்து வளைவுகளின் பழங்கொம்புகள் வெயிலாலும் பனியாலும் வெளிறி வெடித்து உதிரத் தொடங்கின. அவ்வளைவுகள் அண்மைக் காலத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் புதிதாகக் கட்டப்பட்டன.