வாத்தியாருக்குக் கால் பங்குதான்

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, டீயை வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கள் அனுப்பர்பாளையத்தில் அடுத்த தெருவிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வீட்டுக்கு வந்தார்கள். அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மகள் கல்லூரியில் முதலாண்டு. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பிளஸ் டூ வரை தமிழ் வழி. வேதியியல் வகுப்பில் ஒன்றும் புரியவில்லை, முதல் இன்டர்னலில் 50க்கு 9. "நானும் கம்பெனிக்கே வந்தர்றேன்" என்று நான்கு நாளாக அழுகையாம்.

"நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியாருங்க. தெனமும் ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகுமுங்க" என்றார் அந்த அம்மா.

"ஞாயித்துக்கிழமை என்கிட்ட வரட்டுமுங்க. மத்த நாள்ல தண்ணி டேங்க் பக்கத்துல ரெண்டாம் வருசம் படிக்கிற புள்ள இருக்குது. நான் சொல்லி வைக்கிறேன், அதுகூட உக்காந்து படிக்கட்டும்" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஏனுங் சார், முப்பது வருசம் பாடம் எடுத்த நீங்க இருக்கறப்ப, போன வருசம் படிச்ச புள்ளகிட்டயா அனுப்பறீங்க?"

நியாயமான கேள்வி. தட்டிக் கழிக்கிறேன் என்று நினைத்திருப்பார். வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பதில் நன்னூலிலேயே இருக்கிறது. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய இலக்கண நூல். பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம்தான் அவர் ஊர் என்று நம் கொங்கு நாட்டில் சொல்வார்கள். அதன் பொதுப்பாயிரத்தில் மாணவன் எப்படிப் படிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வருகிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் தேறும். கூடப் படிப்பவர்களோடு பழகிப் படித்தால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். ஆக, வாத்தியாருக்கு உரியது கால் பங்கு. முப்பது வருடம் சம்பளம் வாங்கியவன் இதை ஒப்புக்கொள்வது கஷ்டம்தான். ஆனால் அதுதான் உண்மை.

இது ஏட்டில் மட்டும் இருந்த கணக்கும் அல்ல. பியட்ரோ டெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி 1623இல் இன்றைய கர்நாடகப் பகுதியில் ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர்களைப் பார்க்கிறார். தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுதி, ராகம் போட்டுக் கணக்குப் படிக்கிறார்கள். பக்கத்தில் வாத்தியார் இல்லை. தப்பு வந்தால் யார் திருத்துவார்கள் என்று கேட்கிறார். நான்கு பேருக்கும் ஒரே இடத்தில் மறந்துபோகாதே, ஒருவன் விட்டதை இன்னொருவன் பிடித்துக்கொள்வான் என்கிற பொருளில் பதில் வருகிறது. கூட்டுப் படிப்புக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பி.எட். புத்தகத்திலும் படித்ததில்லை.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது வழக்கம். 1789இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான ஆண்கள் விடுதிப் பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். ஒரு நாள் வழியில் ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். கீழே வேலை பார்த்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. உடனே ஜான் ஃப்ரிஸ்கன் என்ற 8 வயதுப் பையனைக் கூப்பிட்டுச் சின்னவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரச் சொன்னார். பையன் செய்து காட்டிவிட்டான்.

பெல் 1796இல் ஊர் திரும்பி, 1797இல் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் இதே மாதிரி முறையை நடத்தி அமெரிக்கா வரை கொண்டுபோனார். பெல் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் எழுந்த பள்ளிக்கூடத்தின் பெயர் இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்'தான்.

இதில் பெருமை மட்டும் பேசினால் சரியாகாது. ஒரே வாத்தியாரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்த்துவிடலாம், செலவு மிச்சம் என்பதற்காகவே இந்த முறையைப் பிடித்துக்கொண்டவர்கள் அங்கே நிறைய. மூத்தவன் சொல்ல இளையவன் ஒப்பிப்பது என்ற அளவில் அது நின்றுபோனது. நம் சட்டாம்பிள்ளை மட்டும் என்ன, பாதி நேரம் பிரம்பும் கையுமாகத்தான் இருந்திருப்பார். மேலே இருந்து அதிகாரம் செய்கிறவனிடம் மனப்பாடம் செய்யலாம். "எனக்கு இது புரியலை" என்று கூச்சமில்லாமல் சொல்லப் பக்கத்தில் உட்காருகிற ஆள் வேண்டும்.

வேதியியலுக்கு வருகிறேன். தமிழில் வேதியியல் பாடநூல் வந்த கதையிலும் மாணவர்கள் கை இருக்கிறது. சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் நடத்தி, 1860களில் தமிழுக்கு மாறினார். பாடநூல் இல்லை. அவரிடம் படித்துத் தேறியவர்களே அடுத்து வரும் மாணவர்களுக்காக மொழிபெயர்க்க உட்கார்ந்தார்கள். உடற்கூறு, அறுவை மருத்துவம், பிரசவ மருத்துவம் என்று வரிசையாக நூல்கள் வந்தன. 1875இல் நாகர்கோவிலில் அச்சாகி வந்த வேதியியல் நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. கெமிஸ்ட்ரிக்கு அன்று அவர்கள் வைத்த தமிழ்ப் பெயர் அது. தாங்கள் முட்டி மோதிக் கற்றதைப் பின்னால் வருகிறவன் தன் மொழியில் படிக்கட்டும் என்று நினைத்தவர்களின் உழைப்பு.

அதிலிருந்து நூறு வருடம் கழித்தும், தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போன எங்களுக்கு அதே முட்டல்தான். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து 1974இல் பி.யு.சி. சேர்ந்தேன். இந்தக் காலப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: அப்போது பள்ளி 11ஆம் வகுப்போடு முடிந்துவிடும். பி.யு.சி. என்பது கல்லூரியில் ஒரு வருடம். 1956இல் வந்த அது, 1978இல் பிளஸ் டூ வந்ததோடு மறைந்தது. அந்த ஒரு வருடத்துக்குள் ஆங்கிலமும் பழக வேண்டும், பாடமும் படிக்க வேண்டும். பலருக்கு மூச்சு முட்டும் வருடம் அது.

வேதியியல் ஆசிரியர் 'மோல், மோல்' என்று ஒரு மாதம் சொன்னார். எனக்கு எலி வளைதான் ஞாபகம் வந்தது. 6.023 பெருக்கல் 10இன் 23ஆம் அடுக்கு என்று மனப்பாடமாகச் சொல்வேன். எதை எண்ணினால் அது வரும் என்று கேட்டால் முழிப்பேன்.

எங்கள் பகுதியிலிருந்து நான்கு பேர் ஒரே வகுப்பு. பொழுது சாய்ந்து வேலை நின்றதும் ஒரு பாத்திரப் பட்டறைத் திண்ணையில் உட்காருவோம். எங்கள் ஊர் பித்தளைக் குடத்துக்கும் அண்டாவுக்கும் பேர் போனது உங்களுக்குத் தெரியும். தட்டும் சத்தம் அடங்கியிருக்கும், மெருகு போட்ட புளி வாசம் மட்டும் இருக்கும். நால்வரில் ஒருவன் அந்தப் பட்டறைத் தொழிலாளியின் மகன். சில நாள் இரவில் பனியன் கம்பெனியில் பேக்கிங்குக்கும் போவான். அவன்தான் எனக்கு மோலைச் சொல்லித் தந்தான்.

"டேய், சின்னப் பையன் பனியன் ஒரு டஜன், பெரிய ஆள் பனியன் ஒரு டஜன். எண்ணுனா ரெண்டும் பன்னெண்டு. தராசுல வெச்சா ஒண்ணா இருக்குமா? கார்பன் ஒரு மோல் 12 கிராம். செம்பு ஒரு மோல் 63 அரை கிராம். எண்ணிக்கை ஒண்ணுதான்டா, எடைதான் வேற. மோல்னா அணுவுக்கு டஜன், அவ்வளவுதான்."

ஒரு மாதமாக ஏறாதது அரை நிமிடத்தில் ஏறியது. ஆசிரியருக்கு அது எப்போதோ புரிந்துவிட்ட விஷயம். புரியாமல் இருந்த காலம் அவருக்கு மறந்துபோயிருந்தது. இவனுக்கு முந்தின நாள்தான் புரிந்திருந்தது. எங்கே தடுக்கும் என்று அவன் காலுக்கு ஞாபகம் இருந்தது.

அந்தத் திண்ணையில் கற்றது கொஞ்சநஞ்சமல்ல. புளி போட்டுத் தேய்த்தால் பித்தளை ஏன் பளிச்சிடுகிறது? புளியில் உள்ள அமிலம் மேலே படிந்த ஆக்சைடைக் கரைக்கிறது. ஈயம் பூசும்போது எதற்கு நவச்சாரம் போடுகிறார்கள்? அதுதான் அமோனியம் குளோரைடு, சூட்டில் ஆக்சைடை நீக்கிக் கொடுக்கிறது. 'ஈயம்' என்று நாம் சொல்வது உண்மையில் வெள்ளீயம், ஆங்கிலத்தில் டின். காரீயம் வேறு, அது விஷம். இந்தப் பெயர்க் குழப்பத்தில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டதும் உண்டு. அதனாலேயே பரீட்சையில் மறக்கவில்லை.

இனி எழுதுவதற்குத்தான் கை தயங்குகிறது. எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் இருந்தது. அவன் எனக்கு வேதியியல், நான் அவனுக்கு ஆங்கிலம். பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, நேரம் வீணாகிறது என்று நான் திண்ணைக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டில் தனியாகப் படித்தேன். நான் தேறினேன். அவன் வேதியியலில் என்னைவிட அதிகம் வாங்கினான், ஆங்கிலத்தில் தவறிவிட்டான். மறுபடி எழுதப் பணம் கட்டுவதற்குள் அவன் அப்பாவுக்குக் கை அடிபட, பட்டறையில் உட்கார்ந்தான். பிறகு எழவே இல்லை.

நான் பி.எஸ்சி., பி.எட். முடித்து ஆசிரியரானேன். ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு வருடமும் அந்தப் பனியன் டஜனை வைத்துத்தான் மோல் நடத்தினேன். பிள்ளைகள் "சூப்பர் சார்" என்பார்கள். இது இன்னொருவன் சொல்லித் தந்தது என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்ட ஒரு செய்தி என்னை இன்னும் குத்தியது. 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்பவர், கறுப்பின மாணவர்கள் பலர் நுண்கணிதத்தில் ஏன் தவறுகிறார்கள் என்று ஆராய்ந்தார். அவர்களிடம் சோம்பல் இல்லை, உழைத்தார்கள். ஆனால் தனித்தனியாக உழைத்தார்கள். சீன வம்சாவளி மாணவர்களோ தனியே போட்ட கணக்கைச் சேர்ந்து உட்கார்ந்து சரிபார்த்தார்கள், தவறைத் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். ட்ரைஸ்மன் குழுக்கள் அமைத்துக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார், தேர்ச்சி உயர்ந்தது.

1990களில் நியூயார்க் சிட்டி காலேஜில் இதைப் பொது வேதியியலுக்கே கொண்டுவந்தார்கள். முந்தைய வருடம் அதே பாடத்தில் நன்றாகத் தேறிய மாணவர் ஒருவர், அவரோடு ஆறு முதல் எட்டுப் பேர், வாரம் ஒரு முறை கூடுவார்கள். தலைவராக இருப்பவர் விடையைச் சொல்லிவிடக் கூடாது, பேச வைக்க வேண்டும். பல கல்லூரிகளுக்கு இது பரவியது. படித்தபோது எனக்குப் பட்டறைத் திண்ணைதான் கண்ணில் வந்தது.

இப்போது புரிகிறதா அம்மா, நான் ஏன் உங்கள் மகளை அந்தப் பிள்ளையிடம் அனுப்பினேன் என்று? அவளுக்கு மட்டுமல்ல, இரண்டாம் வருடத்துப் பிள்ளைக்கும் இதில் அரைப் பங்கு லாபம். நன்னூல் கணக்கு அது.

நம் ஊருக்கும் இது வெறும் மார்க் விஷயம் இல்லை. காஸ்டிக், பெராக்சைடு, சோடா ஆஷ், உப்பு என்று திருப்பூர் தினமும் வேதியியலைக் கையால் அள்ளுகிறது. நொய்யல் என்ன ஆனது, 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் ஏன் மூடப்பட்டன என்பதெல்லாம் நமக்குத் தெரியும். கழிவுத் தொட்டியில் இறங்கி விஷவாயுவில் இறந்தவர்கள் செய்தியையும் படித்திருக்கிறோம். வேதியியல் புரிந்த பிள்ளைகள் நம் தெருக்களிலிருந்தே வர வேண்டும்.

கூட்டுப் படிப்பு எல்லாவற்றையும் தீர்க்காது. ஃபீஸ் கட்ட வேண்டும், வகுப்பில் நல்ல ஆசிரியரும் வேண்டும். அந்தக் கால் பங்கு இல்லாமல் முழுசாகாது. ஆனால் அடிபட்ட அப்பாவுக்குப் பதில் சொல்ல என்னால் முடிந்திருக்காது, ஒரு ஆங்கிலத் தாளுக்கு முடிந்திருக்கும்.

போன ஞாயிறு இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். 'லிமிட்டிங் ரீஏஜென்ட்' புரிந்துவிட்டதாம். பெரியவள் சொல்லித் தந்த விதம்: "டீ சர்ட்டுக்கு பாடி 100 இருக்கு, கை 150 இருக்கு. எத்தன பீஸ் தைக்கலாம்?" 75. கை தீர்ந்துவிடும், 25 பாடி மிச்சம். நான் இத்தனை வருடத்தில் யோசிக்காத உதாரணம். பிறகு நான் பழக்க தோஷத்தில் 6.023 என்றதும் சின்னவள் மெதுவாக, "சார், இப்ப 6.022ங்க" என்றாள். திருத்தப்பட்டது வாத்தியார்.

அடுத்த இன்டர்னலில் எவ்வளவு வாங்குவாள் என்று தெரியாது. கம்பெனிக்குப் போகும் பேச்சு இப்போதைக்கு இல்லை என்று அவள் அம்மா சொன்னார்.

நேற்று சாயங்காலம் என் பழைய நண்பனைப் பார்க்கப் போனேன். அந்த டஜன் கதையை முப்பது வருடம் என் சரக்காக விற்றதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அதுக்கென்னடா, நல்லாத்தானே போயிருக்குது" என்றான். ஆங்கிலத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அனுப்பர்பாளையம், பதினைந்து வேலம்பாளையம் பக்கம் இரண்டாம், மூன்றாம் ஆண்டு வேதியியல் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் சொல்லுங்கள். ஞாயிறு காலை என் வீட்டுத் திண்ணை காலியாகத்தான் இருக்கிறது. உங்களுக்குப் பாடம் சொல்லித் தந்த நண்பர் யாராவது இருந்தால், அவரை இன்றைக்கே ஒரு முறை கூப்பிட்டுப் பேசுங்கள்.