சிறுதொழில்கள் மீது அரசு விதிகளின் தாக்கம்: மதிப்பிடும் முறை

ஒரு விதி சிறுதொழிலை எப்படிப் பாதிக்கிறது என்ற மதிப்பீடு, அதன் செலவு யார் தலையில் எவ்வளவு விழுகிறது என்ற கேள்வியில் தொடங்குகிறது. வரிக்கணக்கு தாக்கல் செய்யும் வேலை பெரிய ஆலைக்கும் சிறு பட்டறைக்கும் பெருமளவு ஒன்றே; விற்றுமுதலோடு ஒப்பிட்டால் பட்டறைக்குத்தான் பாரம் அதிகம். இத்தகைய சுமைக்கு விலக்கு அளிப்பதே நேரான தீர்வு. இந்தியாவில் சரக்கு விற்போருக்கான ஜிஎஸ்டி பதிவு வரம்பு 2019 ஏப்ரலில் பல மாநிலங்களில் 20 லட்சம் ரூபாயிலிருந்து 40 லட்சமாக உயர்ந்தது அவ்வகையே.

தீங்கைத் தடுக்கும் விதிகளுக்கு இந்தத் தீர்வு பொருந்தாது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்புக் கழிவுநீர் நொய்யல் ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கிணறுகளையும் வயல்களையும் பாழாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலை இழந்தனர். சிறு பட்டறை வெளியேற்றுவது கொஞ்சம்தானே, அதற்கு ஏன் இத்தனை கடுமை என்று கேட்பவர்கள் உண்டு. நூற்றுக்கணக்கான பட்டறைகளின் அந்தக் கொஞ்சம்தான் ஆற்றைக் கொன்றது. ஆனால் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் சவ்வூடு வடிகட்டிகளையும் ஆவியாக்கிகளையும் தனியாக நிறுவும் வசதி சிறு பட்டறைக்கு இல்லை என்பதும் மெய். பல பட்டறைகள் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் செலவைப் பங்கிடுகிறது, மாசுக்கு அனுமதி தருவதில்லை. ஆகவே பட்டறைக்காரரின் செலவு, தொழிலாளரின் கூலி, உழவரின் இழப்பு மூன்றையும் ஒரே கணக்கில், விதி வருமுன்பே எழுத வேண்டும்.