கூரைக்குக் கீழே காற்று அடிக்காது

தோட்டத்து விளையாட்டு விழாக்களைப் பற்றிய பழைய பேச்சுகளில் எண்கள் தாராளமாக வரும். இருபத்து மூன்று அடி, இருபத்து நான்கு அடி தாண்டியவர்கள் சுங்கை சிப்புட் முதல் பீடோர் வரை ஏதாவது ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தே தீருவார்கள். இந்த எண்களை மலேசியாவின் பேராக் தமிழர் வரலாற்றில் ஏற்றலாமா? ஆளை ஏற்றலாம், எண்ணை ஏற்ற வேண்டாம் என்பது என் கட்சி. இதற்குச் சாட்சி ஈப்போவில் இல்லை. கஜகஸ்தானின் அஸ்தானாவில் இருக்கிறது.

2023 பிப்ரவரியில் அங்கே ஆசிய உள்ளரங்குத் தடகளப் போட்டி நடந்தது. ஆண்கள் நீளந்தாண்டுதலில் தூத்துக்குடி மாவட்டத்து முதலூர்க்காரர் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 7.97 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார். தைவானின் லின் யூ-டாங் 8.02 மீட்டரில் தங்கத்தைத் தட்டிச் சென்றார். இடைவெளி ஐந்து சென்டிமீட்டர், ஒரு தீப்பெட்டி நீளம். அந்தத் தீப்பெட்டியைப் பற்றி எந்தத் தகராறும் எழ வழியில்லை. கூரைக்குக் கீழே இருவருக்கும் ஒரே காற்று, அதாவது காற்றே இல்லை. வெளியே கதை வேறு. 2022 ஏப்ரலில் கேரளத்துத் தேஞ்ஞிப்பலத்தில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில் இதே ஜெஸ்வின் 8.37 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார், 8.36 தாண்டிய பாலக்காட்டு ஸ்ரீசங்கர் இரண்டாமவர். ஆனால் தேசியச் சாதனை என்று ஏட்டில் ஏறியது ஸ்ரீசங்கரின் 8.36தான். ஜெஸ்வின் தாண்டியபோது முதுகுப்பக்கம் வீசிய காற்று விநாடிக்கு 4.1 மீட்டர், விதி அனுமதிப்பது 2 மீட்டர் மட்டுமே. இந்த விதியைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். காற்று மிஞ்சினால் தூரம் சாதனையாகாது, வெற்றி மட்டும் செல்லும். வரிசையை நம்பு, எண்ணைச் சந்தேகி என்று விதிப்புத்தகமே சொல்லிவிடுகிறது.

எண்ணைச் சந்தேகிப்பது நம் பெருமைக்குரியவர்களையும் தொடும் என்பதை மறைக்கக் கூடாது. கோலகங்சாரில் பிறந்த டாக்டர் மணி ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்த மலேசியச் சாதனையை 2017இல்தான் கைருல் ஹபிஸ் ஜந்தான் 20.90இல் உடைத்தார். மெக்சிகோ நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பது. காற்று அடர்த்தி குறைவு. அதே ஒலிம்பிக்கில் பாப் பீமன் 8.35ஆக இருந்த உலகச் சாதனையை ஒரே தாண்டலில் 8.90 ஆக்கினார், அதுவும் காற்றுமானி சரியாக 2.0 காட்டியபோது. அதனால் ஜெகதீசன் சிறுத்துவிடுவாரா? 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 100, 200, அஞ்சல் ஓட்டம் என்று மூன்று தங்கம் வாங்கினாரே, அங்கே மலையுமில்லை, மெல்லிய காற்றுமில்லை. அதே பாங்காக்கில் தாப்பாவில் பிறந்த எம். ராஜாமணி 400 மீட்டரில் தங்கம் வாங்கியது பலருக்கும் தெரியும். எத்தனை விநாடியில் என்று கேட்டால் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும்.

உள்ளரங்கு மட்டும் என்ன புனிதமா என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே ஓடுபாதை பலகை மேடைமேல் அமைவது வழக்கம். அது காலுக்குத் துள்ளல் கொடுக்கும் என்பார்கள். கொடுக்கட்டும், எல்லோருக்கும் ஒன்றுபோலத்தானே கொடுக்கிறது? தவிர, அந்தத் துள்ளலை வைத்துக்கொண்டும் 1984இல் நியூயார்க்கில் கார்ல் லூயிஸ் தாண்டிய 8.79ஐ உள்ளரங்கில் இதுவரை யாரும் தாண்டவில்லை. வெளியில் மைக் பவலின் 8.95 இருக்கிறது. இன்னொரு வாதம் கனமானது: அஸ்தானா முடிந்து மூன்று வாரத்துக்குள் ஜெஸ்வின் பல்லாரியில் 8.42 தாண்டி இந்தியச் சாதனை படைத்தார், காற்றும் விதிக்குள்தான் இருந்தது; அப்படியானால் 7.97 அவர் திறமையின் அளவாகுமா? ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். உள்ளரங்கு ஒருவரின் உச்சத்தைக் காட்டாது. அன்றைக்கு, அந்த மணல்குழியில், யார் யாரைவிட முன்னே விழுந்தார் என்பதைத்தான் கலப்படமில்லாமல் காட்டும். 2024 கிளாஸ்கோ உலக உள்ளரங்குப் போட்டியில் கிரீஸின் டென்டோக்ளூவும் இத்தாலியின் ஃபுர்லானியும் 8.22இல் சமமாக நின்றார்கள். இரண்டாவது சிறந்த தாண்டலைப் பார்த்து டென்டோக்ளூவுக்குத் தங்கம் கொடுத்தார்கள். வெண்கலம் 8.21.

இனி தோட்டத்துக்குத் திரும்பலாம். லயத்துக்கும் பள்ளிக்கும் நடுவே ஒரு புல்திடல், மண்வெட்டியால் கொத்திப் பொலபொலப்பாக்கிய குழி, ஒரு அளவுநாடா. (ஈயம் தோண்டிய கிந்தா பள்ளத்தாக்கில் மணலுக்கா பஞ்சம்!) காற்றுமானி கிடையாது. மிதிக்கும் பலகையில் களிமண் பட்டை கிடையாது. கால்விரல் அரை அங்குலம் மீறியதா என்பது நடுவரின் கண்ணைப் பொறுத்தது. மணலில் பின்னால் ஊன்றிய கையிலிருந்து அளந்தார்களா, குதிகாலிலிருந்தா? இருபத்து நான்கு அடி என்பது ஏறக்குறைய 7.3 மீட்டர், மனிதனால் ஆகாததல்ல. ஆனால் இத்தனை ஓட்டைகளோடு அந்த எண்ணை எந்தப் பட்டியலிலும் வைக்க முடியாது. இப்படிச் சொன்னால் தோட்டப் பாட்டாளியின் ஒரே சொத்தான நினைவையும் பிடுங்குவதாகக் கோபிப்பார்கள். பிடுங்கவில்லை, பிரித்து வைக்கிறேன். போட்டியிட்ட இருவரும் ஒரே பிற்பகலில், ஒரே வெயிலில், ஒரே குழியில் தாண்டினார்கள். யார் ஜெயித்தார் என்பதை அறிய நாடாவே வேண்டியதில்லை. கூடி நின்ற தோட்டமே சாட்சி.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகி, வீடமைப்புப் பகுதியாகி, அந்தச் சாட்சிகள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் சிதறிவிட்டார்கள். உங்கள் வீட்டில் அந்தக் காலத்து விளையாட்டு விழாப் படம் ஏதும் இருந்தால், தாத்தா எத்தனை அடி தாண்டினார் என்று எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அவருக்கு அடுத்து வந்தவர் பெயரைப் படத்தின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.