தோட்டத் துண்டாடலும் நிலச் சட்டமும்

ஈப்போவை அடுத்த லகாட், ஈயமும் இரப்பரும் வளர்த்த ஊர்களுள் ஒன்று. 1950-களில் மலாயாவின் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தம் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் துண்டு போட்டு விற்றனர். பால்வெட்டும் போயிற்று, லயத்து வீடும் போயிற்று. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்க வழி செய்தார். சட்டம் மெல்லத்தான் வந்தது. 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தில் 214அ பிரிவு பின்னரே சேர்ந்தது. 40 எக்டருக்குக் குறையாத தோட்டத்தைக் கைமாற்றத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது. ஆயினும் அது காப்பது நிலத்தை. லயத்தில் குடியிருப்பவனை அன்று. 124-ஆம் பிரிவின்படி வேளாண் நிலத்தைக் கட்டட நிலமாக்க விண்ணப்பிப்பவர் உரிமையாளர். லயத்துக்காரன் பெயரோ பட்டாவில் இல்லை. 1976-ஆம் ஆண்டு நகர, ஊரகத் திட்டமிடல் சட்டந்தான், வரைவுத் திட்டத்தை ஊரார் பார்வைக்கு வைத்து மறுப்புரை கேட்கிறது. அங்கே மட்டும் பட்டா இல்லாதவனும் பேசலாம்.