பரங்கிமலைச் சிலுவையில் இல்லாத உடல்

அம்மா கடைசியாக மருத்துவமனையில் கிடந்தபோது, சுவரில் இருந்த பாடுபட்ட சுரூபத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்: "ஏண்டா, அவருதான் சாமியாச்சே. வலி தெரியாம பண்ணிக்கிட்டிருப்பாருல்ல? இல்ல, நெஜமாவே வலிச்சிருக்குமா?"

"வலிச்சிருக்கும்மா" என்றேன். சும்மா சொன்னதுதான். அவள் போன பிறகுதான், செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில் ஏறிப் பரங்கிமலைக்குப் போனேன்.

பரங்கிமலை பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. தோமா கொல்லப்பட்டது இங்கேதான் என்பது மரபு. 1523இல் போர்ச்சுக்கீசியர் கட்டிய கோயில் மலைமேல் இருக்கிறது. 1547இல் தோண்டும்போது கிடைத்த கற்சிலுவைதான் பீடத்தில் பதித்திருப்பது. அதில் உடல் இல்லை. மேலே ஒரு புறா, கீழே விரிந்த இதழ்கள், சுற்றி வளைவாகப் பஹ்லவி எழுத்து. மாமல்லபுரத்தில் பல்லவர்கள் பாறை குடைந்த காலத்தை ஒட்டியே இதையும் பலர் வைக்கிறார்கள்.

எழுத்தைப் படித்த கதை விசித்திரமானது. போர்ச்சுக்கீசியருக்காக ஒரு பிராமணர் 'படித்து', தோமாவின் வரலாற்றையே நீளமாகச் சொன்னார். 1873இல் பர்னல், சிலுவையில் துன்பப்பட்டவரே மெய்யான கிறிஸ்து, அவரே மேலான கடவுள் என்ற பொருளில் படித்தார். 1920களின் இறுதியில் வின்க்வொர்த் படித்தபோது தத்துவம் காணாமல் போய்விட்டது. சிலுவையை வெட்டியவன் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லி, 'ஆண்டவரே இரக்கம் வையும்' என்று கேட்கிறான். அவ்வளவுதான். பெயரைப் பின்னால் வந்தவர்கள் வேறாகப் படித்தார்கள். இரக்கம் கேட்பது மட்டும் நின்றுவிட்டது.

பஹ்லவி எழுதியவர்கள் பாரசீகத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அம்மா கேட்ட கேள்விக்காகவே உலகம் அவர்களைத் தள்ளிவைத்தது. மரியாளைக் கடவுளின் தாய் என்று சொல்லலாமா? நெஸ்தோரியஸ் தயங்கினார், கிறிஸ்துவின் தாய் என்றால் போதும் என்றார். கடவுள் பிறந்தார், செத்தார் என்றால் கடவுள் மாறுகிறவர் ஆகிவிடுவாரே என்ற பயம். சிரில் எதிர்த்தார்: பிறந்ததும் பாடுபட்டதும் கடவுளே இல்லையென்றால் நமக்கு மீட்பு ஏது? 431இல் எபேசு சங்கம் நெஸ்தோரியஸை நீக்கியது. 451இல் கல்கதோன் சங்கம், ஒரே ஆள், இரண்டு இயல்பு, கலக்கவும் இல்லை பிரியவும் இல்லை என்றது. ஆர்மீனியத் திருச்சபை அதையும் ஏற்கவில்லை.

இந்த மலையில் மூன்று தரப்பின் தடமும் இருக்கிறது. சிலுவை பாரசீகருடையது. கோயில் கத்தோலிக்கருடையது. ஏறி வரும் படிகளைக் கட்டியவர் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். அந்தச் சிலுவை நிற்கும் கோயிலின் பெயர், பிள்ளைப்பேற்றை எதிர்பார்த்திருக்கும் மாதா.

இதில் ரத்தமில்லாத வரலாறு என்று நினைக்க வேண்டாம். 1599இல் கேரளத்து உதயம்பேரூர் சங்கம் நெஸ்தோரியக் கொள்கை என்று சொல்லிச் சுரியானிச் சுவடிகளை எரிக்க ஆணையிட்டது. 1994 நவம்பரில்தான் போப்பும் கிழக்கு அசீரியத் திருச்சபையின் தலைவரும் கையெழுத்திட்டார்கள்: இரண்டு பட்டமும் ஒரே விசுவாசத்தைத்தான் சொல்கின்றன என்று. ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மாமல்லபுரம் வராக மண்டபத்தில் திரிவிக்கிரமன் கால் தூக்கி நிற்கிறான். மாவலியிடம் குள்ளனாக வந்தவன் வானளக்க எழுந்ததும் குள்ள உருவம் கழன்றுவிடுகிறது. கிறிஸ்தவத்தில் அந்த உடல் கழல்வதே இல்லை. உயிர்த்த பிறகும் ஆணித் தழும்பு இருந்தது. அதைத் தொட்டால்தான் நம்புவேன் என்று அடம்பிடித்தவர் தோமா. அந்தத் தழும்பின் முன்னால்தான் அவர் இயேசுவைக் கடவுள் என்று அழைத்தார்.

அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்கலாம். பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி, யாருக்கும் விளங்காத அந்த எழுத்துக்குக் கீழே, மகன் பேரைச் சொல்லி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நானும் அம்மா பேரைச் சொன்னேன்.