ஜோ லாப்சிக்

ஜோ லாப்சிக் (1900–1970) அமெரிக்கக் கூடைப்பந்தின் முதல் தலைமுறைத் தொழில்முறை ஆட்டக்காரர். பின்னாளில் கல்லூரிப் பயிற்சியாளர். நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸில், செக் நாட்டிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. உயரம் 6 அடி 5 அங்குலம். அந்தக் காலத்தில் அது மலை!

அந்த உயரமே அவருக்குச் சோறு போட்டது. அன்றைய விதிப்படி ஒவ்வொரு கூடை விழுந்தபின்னும் பந்து மைதான நடுவுக்கு வரும். நடுவர் மேலே எறிய, இருவர் எகிறித் தட்டுவார்கள். அந்த ‘ஜம்ப் பால்’ யாருக்கோ அவர்கள் கையில் ஆட்டம். 1923இல் ஒரிஜினல் செல்டிக்ஸ் அணியில் சேர்ந்த லாப்சிக்குக்கு அதுதான் முதல் வேலை. ஊர் ஊராகச் சுற்றிய அந்த அணிக்குச் சரியான போட்டி, கறுப்பின வீரர்களின் நியூயார்க் ரென்ஸ். எதிரே எகிற நிற்கும் ரென்ஸ் வீரர் டார்ஜான் கூப்பரை ஆட்டத்துக்கு முன் லாப்சிக் கட்டித்தழுவுவார். இனப் பாகுபாடு தலைவிரித்தாடிய நாட்களில் அது சாதாரணச் செய்கை அல்ல.

1936இல் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம் அவரைப் பயிற்சியாளராக அழைத்தது. உயர்நிலைப் பள்ளி வாசலையே மிதிக்காதவர் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆசான்! மறுவருடமே கூடைக்குக் கூடை ஜம்ப் பால் என்ற விதியும் ஒழிந்தது. அவர் அசரவில்லை. கல்லூரி அணிகளுக்கான தேசிய அழைப்புப் போட்டியை 1943, 1944 என அடுத்தடுத்து வென்றார். பதற்றம் மட்டும் கூடவே இருந்தது: 1944 இறுதியாட்டத்தின் நடுவே பெஞ்சில் மயங்கி விழுந்தார்.

1947இல் நியூயார்க் நிக்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். 1951 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் இறுதிக்கு வந்தும் கோப்பை கிட்டவில்லை. 1950இல் கறுப்பின வீரர் நாட் கிளிஃப்டனை நிக்ஸ் சேர்த்ததற்கு விலை வீட்டிலேயே கொடுக்க நேர்ந்தது. ஐந்து வயது மகன் ரிச்சர்ட் ஜன்னல் வழியே பார்த்தபோது, எதிரே மரத்தில் அப்பாவின் கொடும்பாவி தொங்கியது.

1956இல் செயின்ட் ஜான்ஸுக்கே திரும்பினார். இடையில், 1951இல், சூதாட்டக்காரர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு ஆடிய கல்லூரி வீரர்கள் பலர் பிடிபட்டிருந்தனர். அந்தச் செய்தித் துணுக்குகளை ஒட்டிய நோட்டு ஒன்றை வைத்திருந்தார். படித்துவிட்டேன் என்று அவருடைய வீரர்கள் கையெழுத்திட வேண்டும். 1959இல் மீண்டும் தேசிய அழைப்புப் போட்டி கைக்கு வந்தது. 65 வயதானால் ஓய்வு என்பது அன்றைய பல்கலைக்கழக விதி. 1965இல் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் அவருடைய கடைசி ஆட்டமே அந்தப் போட்டியின் இறுதியாட்டமாக அமைந்தது. வில்லனோவாவை 55–51 என வென்று நான்காவது பட்டத்தோடு விடைபெற்றார்.